போர்டுகளோடு ஒரு பயணம்

வியாழன் இரவு, ரயிலில்

பையில் துணிமணியைவிட வன்பொருள்தான் அதிகம். ஒவ்வொரு போர்டையும், அதாவது ஒரே பலகையில் அடங்கிய சிறு கணினியை, நிலைமின்சாரம் தாக்காத உறையில் போட்டு, மேலே ஒரு துண்டைச் சுற்றி வைத்திருக்கிறேன். யூஎஸ்பி-சீரியல் கேபிள்கள் தனி டப்பாவில். எஸ்டி கார்டு ஒவ்வொன்றின் மேலும் எந்த இமேஜ் (கார்டில் எழுதும் முழு மென்பொருள் பிரதி), எப்போது எழுதியது என்று சீட்டு ஒட்டியாயிற்று.

லினக்ஸையும் பயன்பாட்டு மென்பொருள்களையும் சேர்த்துத் தரும் எங்கள் சிறிய விநியோகத்தை ரிஸ்க்-ஃபைவ் செயலிக்குக் கொண்டுபோகும் வேலையை ஒருங்கிணைப்பது என் பொறுப்பு. செய்பவர்கள் எல்லாரும் தன்னார்வலர்கள். பகலில் பிழைப்பு, இரவில் இது. இதுவரை திரையில் பெயராக மட்டுமே தெரிந்தவர்களை நாளை ஒரு கல்லூரி ஆய்வகத்தில் நேரில் பார்க்கப் போகிறேன். அங்கே நடப்பதை அன்றன்றே எழுதிப் போடுவதாக எண்ணம்.

புதிதாகப் படிப்பவர்களுக்குக் கொஞ்சம் முன்கதை. ரிஸ்க்-ஃபைவ் 2010-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் தொடங்கியது. செயலிக்குப் புரியும் கட்டளைகளின் அந்தத் தொகுப்பு ஒரு திறந்த தரம்; அதை வைத்துச் சில்லு செய்ய யாரும் உரிமக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை. லினக்ஸின் மையப் பகுதியான கர்னலில் அதற்கான ஆதரவு 4.15 பதிப்பில், 2018 ஜனவரியில் வந்தது. டெபியன் என்ற பெரிய லினக்ஸ் விநியோகத்தின் தன்னார்வலர்கள் அந்த ஆண்டுக்குள்ளேயே வேலையில் இறங்கிவிட்டார்கள். ஆனாலும் டெபியனில் அது அதிகாரபூர்வக் கட்டமைப்பானது 2023 ஜூலையில்தான். நிலையான வெளியீட்டில் முதன்முறையாக இடம்பெற்றது 2025 ஆகஸ்டில், டெபியன் 13-ல்.

கர்னல் கையில் கிடைத்ததிலிருந்து ஒரு சாதாரணப் பயனர் நம்பி நிறுவும் நிலை வர ஏழு ஆண்டுக்கு மேல் பிடித்திருக்கிறது. எங்களிடம் புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தத் தேதிகளைத்தான். போர்டு பூட் ஆகும் நாள் எல்லாருக்கும் தெரியும்படி வரும். அதற்கப்புறம் ஆயிரக்கணக்கான பேக்கேஜ்களை, அதாவது மென்பொருள் பொதிகளை, மூல நிரலிலிருந்து ஒவ்வொன்றாகக் கட்டி, சோதித்து, உடைந்ததைச் சரிசெய்யும் ஆண்டுகள் யார் கண்ணிலும் படாது.

கிளம்புமுன், எங்கள் வேலை எங்கெங்கே தேங்கியது என்று பழைய பதிவுகளைப் புரட்டிப் பார்த்தேன். ஆள் இல்லாமல் தேங்கியது குறைவு. போர்டு வேறொருவர் வீட்டில் இருக்கிறது, பேட்சை (நிரல் திருத்தத்தை) பார்க்க வேண்டியவர் ஊரில் இல்லை, முந்தைய பில்ட் இன்னும் முடியவில்லை என்று காத்திருந்து தேங்கியதுதான் பெரும்பங்கு. வேலை முடிந்து, வீட்டுக் காரியம் முடிந்து, இரவு பத்து மணிக்குக் கணினி முன் உட்காருகிறவருக்கு அன்று கிடைப்பது ஒரு மணி நேரம். அது காத்திருப்பிலேயே போனால் மறுநாளும் வந்து பார்ப்பார். அதற்கடுத்த நாள் வரமாட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. இந்தப் பயணத்தில் நான் சரிசெய்ய நினைப்பது இந்த ஒன்றைத்தான்.

வெள்ளி

காலையில் வந்து சேர்ந்தேன். ஆய்வகத்தில் மேசைகளை மூன்றாகப் பிரித்தோம்: பூட், கர்னல், பேக்கேஜ். யார் எந்த மேசை என்பதை நான் சொல்லவில்லை, அவரவரே எடுத்துக்கொண்டார்கள். ஒரே ஒரு விதி வைத்தேன்: யார் எதை ஓட்டினாலும் சீரியல் கன்சோலில், அதாவது கேபிள் வழியாகப் போர்டு எழுத்தாகப் பேசும் திரையில், வருவதெல்லாம் கோப்பாகச் சேமிக்கப்பட்டு, பொது இடத்தில் உடனே கிடைக்க வேண்டும். நினைவிலிருந்து சொல்லும் பிழைச்செய்தியை வைத்து அடுத்தவரால் எதுவும் செய்ய முடியாது.

போர்டு யாருக்கு என்ற பேச்சு வந்தது. எண்ணிக்கை குறைவு, கேட்பவர்கள் அதிகம். மூத்தவர்களுக்குக் கொடுப்போம் என்றார் ஒருவர். எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்த வாரமே உட்கார்ந்து வேலை செய்ய நேரம் இருப்பவர் கையில் போர்டு இருக்க வேண்டும். லினக்ஸ் வரலாற்றிலேயே இதற்கு நல்ல சான்று உண்டு. 1994-ல் டிஜிட்டல் ஈக்விப்மென்ட் நிறுவனத்தில் இருந்த ஜான் ஹால், லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸைச் சந்தித்தபின், ஆல்ஃபா செயலி கொண்ட இயந்திரம் ஒன்று லினஸின் கைக்குப் போக ஏற்பாடு செய்தார். அதுவரை இன்டெல் 386 வகைச் செயலியையே நம்பி எழுதப்பட்ட கர்னல், 64-பிட் ஆல்ஃபாவில் ஓடுவதற்காக உள்ளுக்குள் சீரமைக்கப்பட்டது. பின்னால் வந்த அத்தனை செயலிகளுக்கும் அந்தச் சீரமைப்பே வழி விட்டது. சரியான நேரத்தில் சரியான ஆளிடம் போன ஒரு இயந்திரம் அவ்வளவு செய்திருக்கிறது.

பிற்பகல் முழுக்க ஒரே விவாதம்: எந்த அடிமட்டத்துக்குப் பேக்கேஜ்களைக் கட்டுவது? ரிஸ்க்-ஃபைவில் எல்லாச் செயலிக்கும் எல்லாக் கட்டளையும் கிடையாது. அடிப்படைத் தொகுப்பின் மேல் நீட்சிகள் வரும். 2024 அக்டோபரில் ஆர்விஏ23 என்ற புதிய தொகுப்பு உறுதியானது. அதில் பல எண்களை ஒரே கட்டளையில் கணக்கிடும் வெக்டர் கட்டளைகள் கட்டாயம். உபுண்டு விநியோகம் தனது 25.10 பதிப்பிலிருந்து அதையே குறைந்தபட்சமாக வைத்துவிட்டது. டெபியன் பழைய, எளிய ஆர்வி64ஜிசி தொகுப்பிலேயே நிற்கிறது. புதியதை எடுத்தால் வேகம் கிடைக்கும் என்று இளைஞர்கள் இருவர் விடாமல் வாதாடினார்கள். அவர்கள் சொன்னதில் தவறில்லை. ஆனால் இன்று எங்கள் தன்னார்வலர்கள் கையில் இருக்கும் விஷன்ஃபைவ் 2 போன்ற போர்டுகளில் வெக்டர் கிடையாது. புதியதை எடுத்த மறுநிமிடமே பாதிப் பேர் தாங்கள் கட்டிய பேக்கேஜைத் தாங்களே ஓட்டிப் பார்க்க முடியாமல் போகும். ஆர்வி64ஜிசி என்று முடிவானது. காரணத்தையும் முடிவோடு சேர்த்து எழுதி வைத்தோம், ஆறு மாதம் கழித்து வருகிறவர் மறுபடி முதலிலிருந்து கேட்காமல் இருக்க.

சனி

இன்று நடந்ததை விரிவாக எழுதியே ஆக வேண்டும்.

புதிய போர்டு காலையிலிருந்து பூட் மேசையில். தயாரிப்பாளர் கொடுத்த பழைய கர்னலில் ஓடுகிறது. மேல்நிலைக் கர்னலில், அதாவது எல்லாருக்கும் பொதுவான மூல லினக்ஸில், ஓட மறுக்கிறது. கல்லூரி மூன்றாம் ஆண்டு மாணவி ஒருவரும், ஓய்வுபெற்ற மின்னணுப் பொறியாளர் ஒருவரும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். பொறியாளரின் பெயரை யாரும் சொல்வதில்லை, எல்லாருக்கும் சார்தான்.

வயரிங்கிலிருந்து தொடங்கினார் சார். சீரியல் கேபிளின் அனுப்பும் கம்பி போர்டின் பெறும் பின்னுக்கு, பெறும் கம்பி அனுப்பும் பின்னுக்கு. தரைக் கம்பி தரைக்கு. சிவப்புக் கம்பியை எங்கேயும் செருகக் கூடாது, போர்டுக்கு மின்சாரம் தனியாக வருகிறது. கேபிள் 3.3 வோல்ட்தானா என்று மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே செருக விட்டார். வேகம் நொடிக்கு 115200 பிட்.

மின்சாரம் கொடுத்ததும் சில்லின் உள்ளேயே அழியாமல் பதிந்திருக்கும் ரோம் நிரல் முதலில் ஓடும். அது சிறிய ஏற்றியை எழுப்பும். பிறகு ஓபன்எஸ்பிஐ; செயலியின் உச்ச அதிகார நிலையில் உட்கார்ந்து, கர்னல் கேட்கும் சில சேவைகளைச் செய்து தரும். அதன்பின் கர்னலை ஏற்றித் தொடங்கிவைக்கும் யூ-பூட், கடைசியாகக் கர்னல். ஓபன்எஸ்பிஐ தன் பெயரைப் பெரிய எழுத்தில் வரைந்து காட்டியது. யூ-பூட் எண்ணிக்கை குறைத்துக்கொண்டே வந்தது. கர்னலைத் தொடங்குகிறேன் என்று ஒரு வரி. அவ்வளவுதான்.

"அக்கா, ஸ்டார்ட்டிங் கர்னல்னு வருது. அதுக்கப்புறம் ஒரு எழுத்துகூட வரல" என்றாள் மாணவி.

நான் பதில் சொல்லுமுன் சார் கேட்டார்: "வரலைன்னா என்னம்மா அர்த்தம்? கர்னல் நின்னுடுச்சா, இல்ல அது பாட்டுக்கு ஓடுது, நமக்குத்தான் கேக்கலையா?"

அந்தக் கேள்வியில்தான் நாள் திரும்பியது. இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. கர்னலுக்குக் கொடுக்கும் கட்டளை வரியில் எர்லிகான் என்ற தேர்வைச் சேர்த்து, எஸ்பிஐ வழியாக எழுது என்று சொல்லிவிட்டால், கர்னல் தன் சொந்த சீரியல் டிரைவர் தயாராகும்வரை காத்திருக்காமல் ஓபன்எஸ்பிஐ மூலமாகவே ஒவ்வொரு எழுத்தையும் வெளியே தள்ளும். யூ-பூட்டை இடையில் நிறுத்தி, அந்த ஒரு சொல்லைச் சேர்த்து, மறுபடி ஓட்டினாள்.

வரிகள் கொட்டின. கர்னல் அதுவரை ஒழுங்காக ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. நினைவகத்தைக் கண்டுபிடித்து, செயலிக் கருக்களை எழுப்பி, கடைசியில் மூலக் கோப்பமைப்பை ஏற்ற முடியவில்லை என்று பீதிச் செய்தியோடு நின்றது. ஆக இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள். ஒன்று மற்றொன்றை மறைத்துக்கொண்டிருந்தது.

இரண்டாவது எளிது, எஸ்டி கார்டுக்கான டிரைவர் கர்னலுக்குள் இல்லாமல் தனி மாட்யூலாக இருந்தது, தொடக்கத்தில் நினைவகத்தில் ஏறும் தற்காலிகக் கோப்பமைப்பான இனிட்ராம்எஃப்எஸ்ஸில் சேரவில்லை. முதலாவதுதான் சுவையானது. மேசைக் கணினிகளில் என்னென்ன பாகம் எங்கே இருக்கிறது என்று ஃபர்ம்வேரே கர்னலுக்குச் சொல்லிவிடும். இம்மாதிரிப் போர்டுகளில் அதற்கு டிவைஸ் ட்ரீ என்ற விவரக் கோப்பு வேண்டும். ரிஸ்க்-ஃபைவில் கர்னல் தொடங்கும்போது இரண்டே தகவல்தான் கையில் கொடுக்கப்படும்: ஏ0 பதிவேட்டில் எந்தச் செயலிக் கரு என்ற எண், ஏ1-ல் டிவைஸ் ட்ரீ இருக்கும் முகவரி. மற்றதெல்லாம் அந்தக் கோப்பைப் படித்துத்தான் தெரிய வேண்டும். எந்த சீரியலில் பேசுவது என்று சொல்லும் வரி இந்தப் போர்டின் கோப்பில் இல்லவே இல்லை. தயாரிப்பாளரின் இமேஜ் அதை யூ-பூட் அமைப்புக்குள் கட்டளை வரியாக ஒளித்து வைத்திருந்ததால் அவர்கள் கர்னலில் எல்லாம் சரியாகத் தெரிந்தது. நாங்கள் சொந்த பூட் அமைப்புக்கு மாறியதும் அந்த வரி போய்விட்டது.

சேர்க்க வேண்டியது ஒரே வரி. அதை நானோ சாரோ எழுதியிருந்தால் ஒரு நிமிடம். மாணவிதான் எழுத வேண்டும் என்று இருவரும் ஒரே சமயத்தில் சொன்னோம். வரியை எழுத ஒரு நிமிடம், பேட்ச்சாக்க மதியம் முழுக்க. டிவைஸ் ட்ரீ சோதனையை ஓட்டிப் பார்த்தாள். என்ன மாற்றினேன் என்பதோடு ஏன் மாற்றினேன் என்றும் விளக்கம் எழுதினாள். கீழே கையொப்ப வரி. தான் அனுப்பும் நிரலைத் தரும் உரிமை தனக்கு உண்டு என்று ஒவ்வொருவரும் தம் பெயரில் சொல்லும் அந்த வழக்கம் கர்னல் திட்டத்தில் 2004-லிருந்து இருக்கிறது. யாருக்கு அனுப்புவது என்று கர்னலோடு வரும் சிறு நிரலே பட்டியல் போட்டுக் கொடுத்தது. ஐந்து மணிக்கு அனுப்பினாள்.

மேல்நிலைக்கு அனுப்புவதில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. பேட்சை நம்மிடமே வைத்துக்கொண்டால் ஒவ்வொரு கர்னல் வெளியீட்டுக்கும் யாராவது உட்கார்ந்து மறுபடி ஒட்ட வேண்டும். அந்த யாராவது ஒருநாள் விலகிப் போவார். போர்டு அன்றோடு அநாதையாகும். தயாரிப்பாளர்களின் தனிக் கர்னல்கள் பல இப்படித்தான் ஏதோ ஒரு பழைய பதிப்பில் உறைந்து கிடக்கின்றன.

பேக்கேஜ் மேசையிலும் இன்று ஒரு நல்ல வேட்டை. ஒரு சின்ன உரைக்கருவி. கம்பைல் ஆகிவிடுகிறது, சோதனை தொடங்கினால் முடிவதே இல்லை, செயலி முழு வேகத்தில் சுற்றுகிறது. நிரலைத் திறந்து பார்த்தால், கோப்பிலிருந்து எழுத்து எழுத்தாகப் படித்து, முடிவு வந்துவிட்டதா என்று -1 உடன் ஒப்பிடும் சுழற்சி. படித்ததை வைக்கும் மாறி கேரக்டர் வகை. கேரக்டருக்கு எதிர்க்குறி உண்டா இல்லையா என்பதை சி மொழித் தரம் முடிவு செய்யாமல் விட்டுவிட்டது. லினக்ஸில் எக்ஸ்86 (இன்டெல் வகைச் செயலி) என்றால் -128 முதல் 127 வரை. ஆர்ம் வகைச் செயலியிலும் ரிஸ்க்-ஃபைவிலும் 0 முதல் 255 வரை. ஆகவே இங்கே -1 உள்ளே போய் 255 ஆகிவிடுகிறது. ஒப்பீடு ஒருபோதும் பொருந்தாது. இன்டிஜர் என்று மாற்றியதும் முடிந்தது.

இதில் எனக்குப் பிடித்தது அடுத்த பாதி. எக்ஸ்86-லும் அந்த நிரல் தவறுதான். கோப்பின் நடுவே 255 மதிப்புள்ள பைட் ஒன்று வந்தால் அதைக் கோப்பின் முடிவு என்று நினைத்து அங்கேயே நிறுத்திவிடும். இவ்வளவு காலம் யார் கண்ணிலும் படவில்லை. புது வன்பொருளில் ஓட்டியதால் பழைய வன்பொருளில் இருப்பவர்களுக்கும் ஒரு பிழை தீர்ந்தது. ஓபன்பிஎஸ்டி என்ற திறந்த இயங்குதளத் திட்டத்தினர் பல வகைச் செயலிகளை விடாமல் ஆதரிப்பதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள். ஹேக்கத்தான் என்ற பெயரில் முதன்முதலாகக் கூடியதாக அறியப்படுவதும் அவர்கள்தான், 1999 ஜூனில் கனடாவின் கால்கரியில். ஒரே அறையில் உட்கார்வதன் பலனை இன்று நேரிலேயே பார்த்தேன். சார் கேட்ட அந்த ஒரு கேள்வி மின்னஞ்சலில் போய்த் திரும்பி வர மூன்று இரவு ஆகியிருக்கும்.

ஞாயிறு

சோர்வு தெரிகிறது. காலையில் சுழல் சார்புகளைப் பிரிக்கும் வேலை. ஒரு நூலகத்தைக் கட்ட ஆவணமாக்கி வேண்டும், ஆவணமாக்கியைக் கட்ட அந்த நூலகம் வேண்டும். டெபியனில் இதற்கென்றே பில்ட் புரொஃபைல் என்ற ஏற்பாடு இருக்கிறது: ஆவணம் இல்லாமல், சோதனை இல்லாமல் முதலில் குறைமாதமாகக் கட்டிக்கொள், எல்லாம் வந்தபின் முழுமையாகத் திரும்பக் கட்டு. அதே முறையைப் பின்பற்றினோம். ரஸ்ட் மொழியின் கம்பைலரைக் கட்ட முந்தைய ரஸ்ட் கம்பைலர் வேண்டும். அதை மட்டும் மேசைக் கணினியில் இந்தச் செயலிக்காகக் கட்டிக் கொண்டுவந்தோம். மற்றதெல்லாம் போர்டிலேயே கட்டுவது என்று உறுதியாக இருக்கிறோம். வேறு கணினியில் கட்டினால் வேகம்தான், ஆனால் சோதனைகள் உண்மையான செயலியில் ஓடாது. நேற்றைய உரைக்கருவி அப்படித் தப்பித்துப் போயிருக்கும்.

பழைய பேக்கேஜ்கள் பலவற்றில் ஒரே நோய். கணினி வகையை அடையாளம் காணும் உதவி நிரல் ரிஸ்க்-ஃபைவ் பிறக்கும் முன் எழுதப்பட்டது, அதனால் இது என்ன இயந்திரமென்றே தெரியாது என்று நின்றுவிடுகிறது. புதுப்பித்தால் போதும். புதிதாகச் சேருபவர்களுக்கு இதைவிட நல்ல முதல் வேலை கிடையாது, அன்றைக்கே முடிந்துவிடும்.

மருத்துவமனையில் இரவுப் பணி பார்க்கும் நண்பர் மதியம் கிளம்ப வேண்டியிருந்தது. போகுமுன் அவர் எழுதி வைத்த குறிப்பை அப்படியே தருகிறேன் (இணைப்பான் என்பது கட்டிய துண்டுகளைச் சேர்க்கும் நிரல்; அட்டாமிக் என்பது இடையில் எதுவும் குறுக்கிடாமல் ஒரே மூச்சில் முடியும் செயல்): "இணைப்பான் ஒரு பைட் அட்டாமிக் செயலைத் தேடித் தோற்கிறது. அட்டாமிக் நூலகத்தைச் சேர்த்தால் கட்டுகிறது, ஆனால் சோதனைகளை இன்னும் ஓட்டவில்லை. லாக் சேமித்தாயிற்று. அடுத்து நானாக இருந்தால் முதலில் சோதனையை ஓட்டுவேன்." அவர் பேருந்து ஏறுவதற்குள் வேறொருவர் அதைப் படித்துவிட்டு அந்த இடத்திலிருந்தே தொடர்ந்தார். செய்தது, கண்டது, அடுத்தது என்ற இந்த மூன்றும் இல்லாமல் இனி யாரும் வேலையைக் கீழே வைக்கக் கூடாது என்று எல்லாரும் ஒத்துக்கொண்டோம்.

திங்கள்

மற்றவர்கள் ஊர் திரும்பினார்கள். நானும் சாரும் பேருந்தில் அவர் வீட்டுக்கு. மாடியில் ஒரு சிறிய அறை, நல்ல காற்றோட்டம், மின்தடை தாங்கும் பேட்டரி, நிலையான இணையம். போர்டுகள் இனி இங்கேதான் இருக்கும்.

ஒவ்வொரு போர்டின் மின்சாரமும் தனி ரிலே வழியாகப் போகிறது. சீரியல் கேபிள்கள் எல்லாம் ஒரு பழைய கணினிக்கு வருகின்றன; அது எல்லாக் கன்சோலையும் நெட்வொர்க்கில் திறந்துவிடுகிறது, வருவதையெல்லாம் தேதியோடு சேமிக்கிறது. கர்னல் எஸ்டி கார்டிலிருந்து வராமல் நெட்வொர்க்கிலிருந்தே ஏறும், அதனால் யாரும் நேரில் வந்து கார்டு மாற்ற வேண்டாம். தவறான கர்னலைப் போட்டு போர்டு தொங்கிவிட்டாலும் தொலைவிலிருந்தே மின்சாரத்தை அணைத்துப் போடலாம். சார் ஒவ்வொரு கம்பியின் இரு முனையிலும் ஒரே எண்ணை எழுதி ஒட்டியிருக்கிறார். பில்ட் செய்யும் போர்டுகளை ஒரு தட்டிலும், சோதனைக்கானவற்றை இன்னொன்றிலும் வைத்தோம். இரண்டும் கலந்தால், பெரிய சி++ பேக்கேஜ் ஒன்று இணையும்போது நினைவகம் முழுவதையும் எடுத்துக்கொண்டு, பக்கத்தில் சோதிப்பவரின் இரவைக் கெடுத்துவிடும்.

சோதனைப் போர்டை ஒருவர் ஒரு மணி நேரத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். அடுத்தவர் யாரும் வரிசையில் இல்லையென்றால் தானாக நீளும். மாலையில் இதைத் திறந்துவிட்டதும் முதலில் உள்ளே வந்தது அந்த மாணவிதான். அவள் பேட்சைப் பார்த்த மெயின்டெய்னர், அதாவது கர்னலின் அந்தப் பகுதிக்குப் பொறுப்பாளர், விளக்கத்தில் ஒரு வாக்கியத்தை மாற்றச் சொல்லியிருக்கிறார். திருத்தி, மறுபடி ஓட்டிப் பார்த்து, இரண்டாம் பதிப்பை அனுப்பிவிட்டாள்.

மீதி இருப்பவை: ரஸ்ட் கம்பைலர் போர்டிலேயே தன்னைத்தானே மறுபடி கட்டிக்கொண்டிருக்கிறது, அதை நான் பார்த்துக்கொள்கிறேன். அட்டாமிக் பிரச்சினைக்கு ஆள் கிடைத்துவிட்டது. பழைய உதவி நிரல்களைப் புதுப்பிக்கும் வரிசையில் புதியவர்களுக்கென்று சிறு வேலைகளை ஒதுக்கி வைத்திருக்கிறோம். புதிய போர்டின் யூஎஸ்பி மட்டும் இன்னும் எழவில்லை. கர்னல் லாக், டிவைஸ் ட்ரீ, இதுவரை முயன்றவற்றின் குறிப்பு மூன்றும் தயாராக இருக்கின்றன. டிவைஸ் ட்ரீ படிக்கத் தெரிந்த ஒருவர் அதை எடுத்துக்கொண்டால் நல்லது. போர்டு சொந்தமாக இருக்க வேண்டியதில்லை, இன்றிரவிலிருந்தே சோதனைத் தட்டில் ஒன்று காலியாக இருக்கிறது.